பிரசவத்துக்கு முன் ஒரு சிறு பயணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தை பிறப்பதற்கு முன் கணவனும் மனைவியும் நல்ல உணவைத் தேடி இரண்டு நாள் வெளியூர் சென்று வருவதை வீண் ஆடம்பரம் என்று பெரியவர்கள் தடுப்பது வருத்தமளிக்கிறது. குமட்டல் பெரும்பாலும் அடங்கி, வயிறும் அதிகம் கனக்காத 14 முதல் 27 வாரம் வரையிலான காலம், மருத்துவரின் சம்மதத்தோடு, இதற்கு ஏற்றது. முதல் மாதங்களில் தட்டைக் கண்டாலே முகம் திருப்பிய என் மனைவி, ஆறாம் மாதப் பயணத்தில் ஜன்னலோர மேசையில் அமர்ந்து, அவசரமின்றி, ருசித்துச் சாப்பிட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

பச்சை மீன், சரியாக வேகாத இறைச்சி, காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டி ஆகியவற்றில் லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், எந்த உணவில் இவை சேர்கின்றன என்பதை உணவகங்கள் கர்ப்பிணிகளிடம் தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்