பழைய ஆர்ச்டாப் அலமாரி பொம்மை இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய கிட்டார்கள் பத்தி நீங்க போட்ட கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா உள்ள வெத்தா, மேல்பலகை வளைவா இருக்கற ஹாலோ பாடி ஆர்ச்டாப் கிட்டார்னா மாட்டி வெச்சு அழகு பாக்கறதுக்குங்கற மாதிரி எழுதினது உறுத்துச்சு சார். 1936ல கிப்சன் கம்பெனியோட இஎஸ்-150ங்கற எலக்ட்ரிக் ஆர்ச்டாப் வந்தப்புறம்தான் ஜாஸ் கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியன் பெரிய பேண்டு சத்தத்துக்கு நடுவுலயும் கிட்டார் சோலோவ காதுல விழ வெச்சாரு, அது பொம்மையா? வால்யூம் ஏத்துனா ஊளையிடும், உண்மைதான், உள்ள வெத்தா இருக்கறதால ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேல்பலகையே அதிரும். 1949ல வந்த இஎஸ்-175 மாடல்ல ஒட்டுப்பலகை போட்டதால அந்த ஊளை கொஞ்சம் அடங்குச்சு.

இன்னொன்னு, ஆர்ச்டாப்ல கம்பிகள தாங்கற பிரிட்ஜ பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டாங்க, கம்பி அழுத்தத்துலதான் நிக்கும். இது தெரியாம நான் ஆறு கம்பியையும் ஒரேடியா கழட்ட, பிரிட்ஜ் சறுக்கி பாலிஷ்ல ஒரு கீறல், அப்புறம் பன்னெண்டாவது ஃப்ரெட்ல (கழுத்துல இருக்கற உலோகப் பட்டை) ஹார்மானிக்கும் (கம்பிய லேசா தொட்டு மீட்டற சுரம்) அழுத்துன சுரமும் ஒத்துப்போற வரைக்கும் அத நகத்தி நகத்தியே ஒரு சாயங்காலம் போச்சு. ஒவ்வொரு கம்பியா மாத்துங்கன்னு ஒரு வரி போட்டிருக்கலாம். மேல்பலகையில கீறல் விழாம காக்கற பழைய செல்லுலாய்டு (ஒரு வகை பிளாஸ்டிக்) தகடு, அதான் பிக்கார்டு, பொடிய ஆரம்பிச்சா அந்த ஆவி பக்கத்துல இருக்கற உலோகத்த அரிக்கும், உடனே கழட்டி தனியா வைக்கணும், பூட்டின பெட்டிக்குள்ளயே விட்டா இன்னும் மோசம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்