பேரனும் மைக் தாத்தாவும்

மாப்ள,

உன் லெட்டர் போன வாரமே வந்துடுச்சு, எனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகி எதையும் உத்துப் பாக்காதீங்கன்னு வீட்ல ஒரே கெடுபிடி, அதான் பதில் லேட்டு. பேரனுக்கு ஜோனத்தான்னு பேர் வச்சிருக்கீங்களாமே, படிச்சதும் எனக்கு பைபிள் ஞாபகம் வரலடா, பிரேக்கிங் பேட்னு அமெரிக்க சீரியல்ல மைக்கா வருவாரே அந்த வழுக்கத்தல தாத்தா, ஜோனத்தான் பேங்க்ஸ், அவரு மூஞ்சிதான் வந்துச்சு.

மனுஷன் 1947ல பிறந்தவரு. 1984ல பெவர்லி ஹில்ஸ் காப்ல எடி மர்ஃபியோட கூட்டாளிய சுட்டுக் கொல்ற அடியாள் அவருதான். அப்புறம் வைஸ்கைனு ஒரு சீரியல், அதுல ஹீரோவுக்கு மேலதிகாரி, அதுக்கு 1989ல எம்மி நாமினேஷன், அமெரிக்க டிவிக்காரங்களுக்குக் குடுக்குற பெரிய விருதுடா அது. அடுத்த நாமினேஷன் எப்போ தெரியுமா, 2013ல! நடுவுல 24 வருஷம்டா.

அந்த மைக் வேஷமும் ஏதோ தற்செயலா வந்ததுதான். 2009ல பிரேக்கிங் பேட்ல ஒரு சீனுக்கு சால் குட்மேன்ங்கிற வக்கீல் பாத்திரமே வந்து தடயத்தையெல்லாம் துடைக்கணும்னு யோசிச்சிருந்தாங்க, ஆனா சாலா நடிச்ச பாப் ஓடன்கர்க் வேற சீரியல்ல மாட்டிக்கிட்டாரு, சரி சால் அனுப்பின ஆளுன்னு ஒருத்தர போடுவோம்னு போட்டாங்க, அப்ப இவருக்கு 62 வயசு. இங்கதான் பேரு விளையாடுது பாரு. எபிரேயத்துல ஜோனத்தான்னா கர்த்தர் கொடுத்தார்னு அர்த்தம். சால்ங்கிறது நம்ம பைபிள் ராஜா சவுல்தான், அதுக்கு கேட்டு வாங்கினதுன்னு அர்த்தம். சவுலோட மகன்தான யோனத்தான், அதாவது ஜோனத்தான்! சவுல் வரமுடியாத இடத்துக்கு யோனத்தான் வந்து நின்னிருக்கான். தனக்கு வரவேண்டிய சிம்மாசனம் தாவீதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சும் அங்கி, பட்டயம், வில்லு, கச்சை எல்லாத்தையும் கழட்டிக் குடுத்தவன் அவன், அசல் சப்போர்ட்டிங் ரோல்!

அந்த சால் வக்கீலோட முன்கதையா வந்த பெட்டர் கால் சால் சீரியல், அதுலயும் மைக் உண்டு, முதல் சீசன்ல ஆறாவது எபிசோட மட்டுமாவது பாத்துடு, 2015ல வந்தது. லஞ்சம் வாங்குற கூட்டத்தோட ஒத்துப்போனா பொழச்சுக்குவான்னு போலீஸ்கார மகனை மைக் தானே சம்மதிக்க வச்சு, அப்படியும் அவனை கொன்னுடுறாங்க, அதை மருமககிட்ட சொல்றப்போ குரல் உடையும் பாரு, அது வரைக்கும் கல்லு மாதிரி இருந்த மூஞ்சிடா அது. எனக்கு ஆபரேஷன் பண்ண கண்ணுன்னும் பாக்காம தண்ணி கொட்டுச்சு, வீட்ல திட்டு.

துணை நடிகர்னு மொத்தம் ஆறு தடவை நாமினேஷன், விருது ஒண்ணு கூட கிடைக்கல. கர்த்தர் கொடுத்தாரு, எம்மிக்காரங்க கொடுக்கல, அவ்ளோதான்.

சரி, பேரன் போட்டோ அனுப்பு. தலையில முடி இருக்கா, இல்ல இவனும் மைக் தானா?

உன்
பழைய பெஞ்சுக்காரன்