சாகசச் சுற்றுலா: ஆற்றங்கரையில் கற்க வேண்டிய தொழில்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாகசச் சுற்றுலாத் தொழில் தொடங்கக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பொன்றுக்குக் கொழும்பில் போயிருந்தேன். லோகோ, முகநூல் விளம்பரம், ட்ரோன் படம் என்று நாள் முழுக்கப் பேச்சு. (மதியச் சாப்பாடு நன்றாகவே இருந்தது.) ஆற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

களனி கங்கையின் வேகநீரில் சாகசப் படகுச் சவாரி நடக்கும் கித்துல்கலவில் படகு விடுபவருக்கு மழையைப் பார்த்தால் மட்டும் போதாது. ஆற்றின் மேற்பகுதியில் நீர்மின் நிலையங்கள் எப்போது, எவ்வளவு தண்ணீர் விடுகின்றன என்பதும் தெரிய வேண்டும். படகு கவிழ்ந்தால் மீட்புக் கயிறு எறிவது யார்? காயப்பட்டவரை எந்த வழியால் வீதிக்குக் கொண்டுவருவது? தண்ணீர் ஏறினால் பயணத்தை நிறுத்துவது யார், காசு வாங்கிய முதலாளியா, வழிகாட்டியா? வழிகாட்டி ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மேல் பேச்சு இருக்கக் கூடாது; இதை எழுத்திலேயே போட்டுவைக்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கையும் இப்படித்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. மிச்ச மாதங்களில் ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? காப்புறுதித் தவணை நிற்காதே.

மலையகத்திலும் கிழக்கிலும் இத்தொழிலுக்கு வர விரும்பும் தமிழ் இளைஞர் பலர். முதலுதவியும் ஆற்று மீட்பும் மண்டபத்துக்குள் சொல்லித்தரக் கூடியவை அல்ல. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அவற்றைத் தமிழில், ஆற்றங்கரையிலேயே பயிற்றுவிக்க ஏற்பாடு செய்யுமா?

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06