மேண்டில் சாம்பலை வாயால் ஊதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பென்னாகரத்தில் 1974 முதல் 22 ஆண்டுகள் பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்டவன் நான். அந்தப் பழைய லைட்டுகளை இப்போது ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். போன வாரம் ஒரு தம்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், உள்ளே தொங்கிய மேண்டிலை, அதாவது எரிந்து வெளிச்சம் தரும் சின்ன வலைப்பையை, விரலால் பொடித்தார், ‘பூ’ என்று ஊதினார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

நானும் ஊதியவன்தான். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு அன்று விடிய விடிய நாலு லைட் எரியவேண்டும். யாராவது கம்பத்தில் இடித்தால் போதும், மேண்டில் உதிர்ந்துவிடும். வேறு கட்டுவதற்கு முன் மிச்சத்தை வாயால்தான் ஊதித் தள்ளுவோம்.

அது வெறும் துணிச் சாம்பல் என்றே நினைத்திருந்தோம். மேண்டில் துணியைத் தோரியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். முதல்முறை பற்றவைக்கையில் நூல் எரிந்துபோகும். நூல் இருந்த இடத்தில், பின்னல் மாறாமல், தோரியம் டை ஆக்சைடு வெள்ளையாக நிற்கும். 3,300 டிகிரி செல்சியஸ் வரை அது உருகாது. சீமெண்ணெய் ஆவி நீலமாகத்தான் எரிகிறது. வெளிச்சம் கொடுப்பது இந்த வலைதான். அதுவும் தனியாக நின்றால் மங்கல். நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு கலந்தால்தான் ஊரே திரும்பிப் பார்க்கும் அந்த வெண்மை வரும். 1891இல் இந்த அளவைப் பிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக். தோரியம் இருக்கும் மோனசைட் மணல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது.

தோரியத்துக்குக் கதிர்வீச்சு உண்டு. எரியும் லைட் பக்கத்தில் உட்கார்ந்து கூத்து பார்த்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதன் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். பொடி மூச்சோடு உள்ளே போனால் மட்டும் நுரையீரலிலேயே தங்கிவிடும், வினை அங்கேதான். இட்ரியம் ஆக்சைடில் செய்த மேண்டிலும் இப்போது வருகிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய லைட்டில் தொங்குவது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், துணியோடு பையில் போட்டுக் கட்டுங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பழைய லைட் விற்கும் கடைக்காரர்கள் வாங்குகிறவர்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். என்னிடம் மீதியிருந்த 11 லைட்டையும் இப்படியே துடைத்துவிட்டேன். அந்தத் தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் லைட் கடைக்காரர்,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்.