தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேச்சாளர்களே,

வணக்கம். கல்லூரி விழாவிலும் யூடியூபிலும் உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. துவண்டவனைத் தட்டி எழுப்புகிறீர்கள், அந்த மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் உந்துதலும் விடாமல் துரத்தும் மனநலக் கோளாறு) பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "மனசைக் கட்டுப்படுத்தத் தெரியாதவங்களுக்கு வர்றது அது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, கைதட்டலோடு அடுத்த கதைக்குப் போய்விடுகிறீர்கள்.

என் தங்கை இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுவாள். மூடியாயிற்று என்று வாய்விட்டுச் சொல்வாள். குமிழைத் தொட்டுப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், போய்ப் படுப்பாள், திரும்ப எழுந்து வருவாள். "மூடியிருக்குன்னு தெரியுது அண்ணா, ஆனா உள்ளே ஓயமாட்டேங்குது" என்பாள். உங்கள் வீடியோவைப் பார்த்த பிறகு, "எனக்கு மனவுறுதியே இல்ல" என்பதும் சேர்ந்துகொண்டது.

மூளை ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய அவள் சொன்னதைத்தான். கண்களுக்குச் சற்று மேலே உள்ள முன்மூளைப் பகுதி, "ஏதோ சரியில்லை" என்று குரல் கொடுக்கிறது. அது மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட், தாலமஸ் என்ற பகுதிகள் வழியாகச் சுற்றி மீண்டும் முன்மூளைக்கே வருகிறது. வேலை முடிந்ததும் அது அடங்க வேண்டும். ஓ.சி.டி. உள்ளவர்களிடம் இந்தச் சுற்று மிகையாக இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. சுவிட்ச் மாட்டிக்கொண்ட காலிங் பெல் மாதிரி; வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்தாலும் அடித்துக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கைதான் எல்லாம் என்பீர்கள். 1989-இல் அமெரிக்காவில் ஓ.சி.டி. உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டுமே மனச்சோர்வுக்கானவை. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின்மீது அழுத்தமாக வேலை செய்யும் குளோமிப்ரமினில் நல்ல பலன் தெரிந்தது. டெசிப்ரமினில் அப்படித் தெரியவில்லை. மாத்திரைமேல் உள்ள நம்பிக்கை மட்டுமே காரணமென்றால் இரண்டும் ஒன்றுபோல அல்லவா கேட்டிருக்க வேண்டும்? 2007-இல் ஒரே ஒரு மரபணுவை நீக்கிய எலிகள் முகத்தில் புண்ணாகும்வரை தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொண்டே இருந்தன. எலிக்கு எந்தப் பேச்சாளரைக் கூப்பிடுவது?

சரி, மனிதர்களிடம் அப்படி ஒரே மரபணு என்று எதுவும் இல்லை. சிறிய பங்குள்ள பல மரபணுக்கள், அவற்றோடு வாழ்க்கைச் சூழல். செரோடோனின் குறைந்ததால்தான் வருகிறது என்பதும் நிரூபணமாகவில்லை. ஸ்கேன் எடுத்து ஒருவருக்கு ஓ.சி.டி. என்று உறுதிசெய்யவும் இன்று வழியில்லை. ஆகவே 'எல்லாம் மரபணு, தலைவிதி' என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

அப்புறம், பயிற்சியால் மூளை மாறும் என்று நீங்கள் சொல்வது உண்மைதான். 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் லூயிஸ் பாக்ஸ்டரின் குழுவினர் ஓ.சி.டி. உள்ள சிலருக்கு மருந்தும் சிலருக்கு நடத்தை சிகிச்சையும் கொடுத்தார்கள். நோய் தணிந்து பலன் கண்டவர்களிடம், இரண்டு வழியிலுமே காடேட்டின் மிகையான இயக்கம் தணிந்திருந்தது. ஆனால் அந்தச் சிகிச்சை "நினைக்காதே" என்று அதட்டுவதில்லை. பயம் வரட்டும் என்று விட்டு, எழுந்து போய்ப் பார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிறது. தங்கை இப்போது அதைத்தான் செய்கிறாள், மாத்திரையும் சாப்பிடுகிறாள். ஓ.சி.டி.க்கு மாத்திரை வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் "மாத்திரை எல்லாம் எதுக்கு, மனசு வெச்சா போதும்" என்ற குரல் காதில் விழுந்தால், நிறுத்திவிடத்தான் தோன்றும்.

அடுத்த மேடையில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்