குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை (பொதுக்குழுவில் வாசிக்காமல் விட்ட பகுதிகளும் சேர்த்து)

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கை பெரும்பாலும் அவர்களுக்காகத்தான். தலைவர் இரண்டு முறை மணியடித்ததால் அன்று பாதியில் உட்கார்ந்துவிட்டேன். முழு அறிக்கை இது.

செயற்குழு இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு, அதே ஆட்களோடு அதே நாற்காலிகளில் மறுபடியும் கூடியது. இரத்த தான முகாம் நடந்தது. தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு முறை கழுவப்பட்டன. மறைந்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். ஆண்டு விழாவும் நடந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் கோரம் தாராளமாக இருந்தது.

இனி நடைவட்ட வரைபடம், அதாவது ரயில் நிலையத்திலிருந்து உண்மையில் நடந்து எட்டக்கூடிய இடங்களைக் குறித்த படம். ‘செயலாளர் சங்கப் பணத்தில் படம் வரைந்து விளையாடுகிறார்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பழைய வீடுகளையும் கடை வரிசையையும் இடித்து அடுக்குமாடிகள் எழுப்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விற்பனைக் கையேட்டில் நிலையத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, ‘எல்லாமே பத்து நிமிட நடையில்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பு திட்டமிடுகிறவர்கள் பல நாடுகளிலும் போடுகிற வட்டம்தான் அது. ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர், பத்து நிமிடத்துக்கு 800 மீட்டர். 800 மீட்டர் ஆரத்துக்கு ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர் பரப்பு வரும். ஆனால் நம்மில் யாரும் சுவரைத் துளைத்துக்கொண்டு நேர்கோட்டில் நடப்பதில்லை. தெருக்கள் ஒழுங்காகக் கட்டம் கட்டமாக அமைந்த இடத்தில்கூட, தெரு வழியே 800 மீட்டருக்குள் எட்டக்கூடிய பரப்பு சாய்சதுரமாகச் சுருங்கி 1.28 சதுர கிலோமீட்டர்தான் தேறும். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போதே போயிற்று. நம் பகுதியிலோ தெருவை மறித்து மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்றடுக்குக் கார் நிறுத்தம்.

எனவே அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தோம். ‘நடந்தோம்’ என்று பன்மையில் எழுதுவது மரியாதைக்காக. முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் நான்கு பேர், மூன்றாம் வாரத்திலிருந்து நானும் பொருளாளரும் மட்டும். பொருளாளருக்கு முழங்கால் வலி. அவர் வந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சாலை கடக்கும் விளக்குக்கு நேரம் குறிக்கும்போது, மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். முதியவர்களால் முடியவில்லை என்று அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு விதிகளில் அதை 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். நிலையத்துக்கு எதிரே பொருளாளரை மூன்று முறை கடக்கச் சொல்லிப் பார்த்தோம். மூன்று முறையும் அவர் பாதியில் இருக்கும்போதே விளக்கு மாறிவிட்டது. மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் என்னோடு சற்று நேரம் பேசவில்லை.

வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் வரைபடத்தில் தெரிகிறது. மருத்துவரைப் பார்க்க ரயில் ஏற வேண்டும். படிப்பகம் இல்லை, கழிப்பறை இல்லை, நிழலில் ஒரு பெஞ்சு இல்லை. இடிப்பதற்கு முன் செருப்புத் தைப்பவர், தையற்காரர், சைக்கிள் பழுது பார்ப்பவர் எல்லோரும் இங்கேயே இருந்தார்கள். புதுக் கட்டடங்களின் தரைத்தளத்தில் கடைகளுக்கு இடம் விடாமல் இல்லை. கட்டக் கடன் வாங்கிய பணத்தின் வட்டியும் சேர்ந்த வாடகையைச் செருப்புத் தைத்துக் கட்ட முடியுமா? கண்ணாடியில் ‘வாடகைக்கு’ அட்டை வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது. ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டர் போதும். ஆனால் அது உள்ளே வரவும் திரும்பவும் வழி விட்டால் காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். தையற்காரரின் பழைய கடை அதில் பாதிகூட இருந்ததில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் 1929ஆம் ஆண்டிலேயே ஒரு குடியிருப்புக்கு அளவு சொல்லிவிட்டார்: நடுவில் பள்ளி, ஏறக்குறைய 400 மீட்டர் ஆரம், விளிம்பில் கடைகள், பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்த வெளி. அதே 1929இல் ஜப்பானின் ஒசாகாவில் ஹன்க்யூ ரயில் நிறுவனம் உமெடா முனையத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தது. அதை நடத்திய கொபயாஷி இசிசோ தண்டவாளத்தை ஒட்டி வீடு கட்டி விற்றவரும்கூட. வியாபாரிதான், தர்மவான் அல்ல. ஆனால் வண்டியை விட்டு இறங்குகிறவருக்கு வாங்கவும் பொழுதுபோக்கவும் இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வரைபடத்தை இணைத்துக் கட்டுநருக்கும் உரிய அலுவலகத்துக்கும் ஆறு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது: ‘வசதிகள் இரண்டாம் கட்டத்தில்.’ இரண்டாம் கட்டம் என்பது வீடெல்லாம் விற்று முடிந்த பிறகு வருவது. விற்று முடிந்த பிறகு அவசரம் யாருக்கு? இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்து 106ஆம் பிரிவின்கீழ், இத்தனை வீட்டில் ஆள் குடியேறுமுன் இன்ன வசதி முடிந்திருக்க வேண்டும் என்று கட்டுநரை ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடிகிறது. நாம் கேட்பதும் அந்த வரிசையைத்தான். வசதி முன்னால், சாவி பின்னால். இதைத் தீர்மானமாக நிறைவேற்ற மூன்று முறை பொருள் நிரலில் வைத்தேன். மூன்று முறையும் கார் நிறுத்த இட ஒதுக்கீட்டுச் சண்டையில் நேரம் முடிந்துவிட்டது.

ஒரு வெற்றியும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். கிழக்கு மதிலில் ஒரு சிறு கதவு இருக்கிறது. அது திறந்திருந்தால் பின்புற வீடுகளிலிருந்து நிலையத்துக்கு 430 மீட்டர். மூடியிருந்தால் சுற்றிப் போக 1,150 மீட்டர். ஏழு மாதம் அலைந்து காலையிலும் மாலையிலும் அதைத் திறக்க வைத்தேன். ஐந்தாம் வாரம் பூட்டு மறுபடியும் தொங்கியது. பூட்டியது கட்டுநர் அல்லர், அலுவலகமும் அல்ல. ‘கண்டவர்கள் நம் வாசல் வழியாகப் போகிறார்கள்’ என்று நம் உறுப்பினர்களே பூட்டியிருக்கிறார்கள். பெயர்களைச் சொல்ல விரும்பவில்லை. நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கின்றன. என் வீட்டில் வந்து பார்க்கலாம். அந்தக் கண்டவர்களில் பொருளாளரும் ஒருவர்.

வரவு செலவு: வரவுக்குள் செலவு அடங்கியது, அல்லது ஏறக்குறைய அடங்கியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. வரைபடம் அச்சிட்ட செலவு ‘இதர’ தலைப்பில் வருகிறது. ஆண்டு விழாப் பந்தல் செலவைவிட அது குறைவு என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

சந்தா பற்றி எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். ஆகவே சுருக்கமாக. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாக்கி. சிலர் இரண்டாண்டுப் பாக்கி. ‘சங்கம் என்ன செய்தது?’ என்று குழுவில் அதிகமாகக் கேட்கிறவர்கள் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் ஒரு நாள் இரவு அருகருகே வைத்துப் பார்த்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும், நாற்காலி கொடுத்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி. பொருளாளரின் முழங்காலுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டு இரண்டாம் கட்டத்துக்கான வரைவு நம் பார்வைக்கு வரும் என்கிறார்கள். ஆட்சேபணை சொல்லக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும். பதினேழு கையெழுத்தோடு போகும் மனுவுக்கும் இருநூறு கையெழுத்தோடு போகும் மனுவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் நடவடிக்கைப் புத்தகத்தையும் அளவுச் சக்கரத்தையும் அன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் கேட்கவில்லை என்பதால் இரண்டும் இப்போதைக்கு என் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருக்கின்றன. மேற்குப் பக்கம் இன்னும் அளக்கப்படவில்லை. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நிலையத்தின் வடக்கு வாசலில் இருப்பேன். ஏழு வரை காத்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்