கப்பல் அல்ல, பெட் பேன்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த 'டார்க் வேவ்' (சோகம் தோய்ந்த மின்னணு இசை வகை) கட்டுரையைப் படித்தேன். பெலாரஸின் மோல்ச்சத் தோமா இசைக்குழுவைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுத இடம் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு பிழைகள். ஒன்றுக்குச் சிரித்தேன். மற்றொன்றுக்குச் சிரிப்பு வரவில்லை.

'சுத்னோ' என்ற பாட்டின் பெயரைக் 'கப்பல்' என்று மொழிபெயர்த்து, தனிமையில் மிதக்கும் கப்பலைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கப்பல் என்றும் பொருள் உண்டுதான். பாட்டில் வருவதோ எனாமல் பூசிய பெட் பேன், படுத்த படுக்கையிலேயே மலசலம் கழிக்க வைக்கும் பாத்திரம். அதோடு ஒரு ஜன்னல், ஒரு சிறிய அலமாரி, ஒரு கட்டில். வார்டில் கிடப்பவருக்கு உலகம் அவ்வளவுதான். அது ரஷ்யக் கவிஞர் போரீஸ் ரீழியின் கவிதை. ரஷ்யாவின் யெக்கத்தரீன்பூர்க் நகரில் வாழ்ந்த அவர் 2001-இல், 26 வயதில் இறந்துபோனார். 34 ஆண்டுகள் அரசு ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்த எனக்கு அந்தப் பாத்திரத்தை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. "சிஸ்டர், பெட் பேன்" என்று கேட்கக் கூசி விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்த பெரியவர்கள் எத்தனை பேர்! அந்தக் கூச்சத்தை இந்தப் பையன்கள் ஆடுவதற்கேற்ற தாளத்தில் பாடுகிறார்கள். அதைக் கப்பலாக்கிக் கடலில் விட்டால் கவிதையில் என்ன மிஞ்சும்?

இரண்டாவது பிழை: அந்தப் பாட்டு இருக்கும் 'எதாழி' (மாடிகள்) இசைத் தொகுப்பை அவர்களுடைய முதல் வெளியீடு என்று எழுதியிருப்பது. அது 2018-இல் வந்த இரண்டாவது தொகுப்பு. முதலாவது, 2017-இல் அவர்களே வெளியிட்ட 'எங்கள் வீடுகளின் கூரைகளிலிருந்து'. என் மகன் அந்த ஆண்டு பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். அதே ஊர்க் குழு, அதே ஊரின் அடுக்குமாடி வீடுகள். ஆனாலும் அவன் காதில் விழவில்லை. 2020-இல் டிக்டாக்கில் 'சுத்னோ' பரவி, அதே ஆண்டில் ஓர் அமெரிக்க நிறுவனம் இரண்டு தொகுப்புகளையும் மறுவெளியீடு செய்த பிறகுதான் ஊருக்குத் திரும்பியிருந்த அவன் எனக்குப் போட்டுக் காட்டினான்.

எனக்கு அந்த வீடுகளை முன்பே தெரியும். பள்ளி நாட்களில் எங்கள் நோட்டுப் புத்தகங்களுக்கு, பெலாரஸும் அன்று சேர்ந்திருந்த சோவியத் ஒன்றியத்தின் 'சோவியத் நாடு' இதழின் வழுவழுப்பான தாள்தான் அட்டை. வரிசை வரிசையாகப் புதுக் கட்டடங்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. அந்தக் கட்டடங்களுக்குள்ளே பிறகு வளர்ந்தவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயரின் பொருள் 'வீடுகள் மௌனமாயிருக்கின்றன'. முதல் தொகுப்பிலேயே 'நான் கம்யூனிஸ்ட் அல்ல' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 'மனிதர்களைக் கண்டு சலித்துவிட்டது' என்று இன்னொன்று.

கேட்க அது அத்தனை சுகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை, இயந்திரம்தான் தட்டுகிறது. குரல் அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்கிறது. நாலைந்து பாட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரே பாட்டோ என்று தோன்றும். இரண்டாவது தொகுப்புத்தான் மேல் என்று என் மகன் சொல்கிறான், நானும் மறுக்கவில்லை. ஆனால் யாரும் கேட்காதபோது ஒரு குழு எப்படிப் பாடியது என்பது முதல் தொகுப்பில்தான் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், இவர்களை 'டிக்டாக் பெற்றெடுத்த குழு' என்று தலைப்பில் போட்டிருக்க மாட்டார்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இடம் குறைவென்றால் தொகுப்பு பற்றிய பிழையைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கப்பலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை